இரும்பையும் கேளுங்கள்

புதிய மெட்டல் டிடெக்டர்கள் நம் வாசகர்கள் சிலர் கைக்கு வந்துவிட்டன. எந்த மாடல் வாங்கலாம், அணைப்பட்டிப் பக்கம் வைகை மணலில் எது நன்றாகக் கேட்கும், நிலக்கோட்டைச் செம்மண்ணில் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. நாணயம் சேர்ப்பவர்களும் களஆய்வு செய்பவர்களும் படிக்கும் இதழ் இது. ஆகவே கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் கருவியைப் பற்றியே முதலில் பேசுகிறேன்.

டிடெக்டரின் அடிப்படை பழையது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டைத் தேட கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியைச் செய்து பார்த்தார். ஒரு சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் சுழன்று, அது தன் பங்குக்கு ஒரு சிறு புலத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கும். திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை அளந்தால் உலோகத்தின் குணம் ஓரளவு தெரியும். வெள்ளியும் தடித்த செம்பும் அதிகம் பிந்தும், மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் குறைவாகப் பிந்தும், இரும்பு காந்தத்தன்மையால் தனியே நிற்கும். திரையில் வரும் எண் இந்தப் பிந்தலின் கணக்குதான்.

பழைய கருவிகள் ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்தன. ஐந்து கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை வெள்ளிக்கும் தடித்த செம்புக்கும் நன்று. அரை கிராம்கூட எடையில்லாத நாயக்கர் காலத்துத் தங்கப் பணம் அதற்குக் கேட்கவே கேட்காது, நாற்பது கிலோஹெர்ட்ஸ் வேண்டும். 2018-இல் ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் ஈக்வினாக்ஸ் 800 மூலம் பல அதிர்வெண்களை ஒரே சமயத்தில் அனுப்பும் முறையைப் பொழுதுபோக்காளரின் கைக்கு எட்டும் விலையில் தந்தது. அந்த முறை அதே நிறுவனத்தின் பெரிய கருவிகளில் முன்பே இருந்ததுதான். பிறகு அமெரிக்காவின் காரெட் ஏபெக்ஸ், பிரான்சின் எக்ஸ்பி டியூஸ் 2, துருக்கியின் நோக்டா லெஜெண்ட் என வரிசையாக வந்தன. எல்லாம் எடை குறைந்தவை, கம்பியில்லா ஹெட்போனோடு இணைபவை, செல்போன்போல் சார்ஜ் ஏறுபவை.

நம் மண்ணுக்கு இந்த முன்னேற்றம் உண்மையில் பெரிது. செம்மண்ணிலும் ஆற்றின் கருமணலிலும் இரும்புத் தாதுக்கள் நிறைய. மண்ணே கருவியோடு பேசும்போது அடியில் கிடக்கும் காசின் குரல் அமுங்கிவிடும். பல அலைகளின் பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மண்ணின் பங்கைக் கழிக்கப் புதிய கருவிகளுக்கு முடிகிறது. ராமேஸ்வரம் போன்ற இடங்களின் ஈர உப்பு மணலிலும் அப்படியே. லாடத்து ஆணிக்குப் பக்கத்திலேயே கிடக்கும் செம்புக் காசைப் பிரித்துச் சொல்லும் வேகமும் கூடியிருக்கிறது.

ஆழத்தில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை, வரவும் வராது. சிறிய பொருளிலிருந்து திரும்பும் குறிப்பு, தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் குறிப்பு 64-இல் ஒரு பங்கு. ஆகவே ஒற்றைக் காசை ஒரு முழத்துக்குக் கீழே எந்தக் கையடக்கக் கருவியும் நம்பகமாகச் சொல்லாது. பத்து மீட்டர் ஆழத்துத் தங்கத்தைக் காட்டும், அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்தே திசை சொல்லும் என்று விற்கப்படும் ஆண்டெனா குச்சிகள் அத்தனையும் மோசடி. ஏடிஇ 651 என்ற பெயரில் வெடிகுண்டு காட்டும் கருவி என ஈராக்குக்கு விற்கப்பட்ட பொருளும் அதே இனம்தான். அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்கிற்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. கோபுரக் கலசத்து இரிடியம், ரைஸ் புல்லர் என்று ஏமாந்து வீட்டை விற்றவர்கள் நம் மாவட்டங்களிலும் உண்டு. உங்களிடம் ஒருவர் அப்படிப்பட்ட கருவியைக் காட்டினால், இதழைப் படிக்கும் பழக்கமில்லாத அவருடைய அடுத்த வாடிக்கையாளரையும் எச்சரியுங்கள்.

இனி, நான் இந்த உரையை எழுதக் காரணமான விஷயம்.

எல்லாப் புதிய டிடெக்டர்களிலும் விளம்பரத்தில் முதலில் நிற்கும் வசதி, இரும்பை ஒதுக்குவது. பொத்தானைத் தட்டினால் இரும்பின் ஒலி அடங்கிவிடும். ஐரோப்பிய உழவு நிலத்தில் ரோமானிய வெள்ளியைத் தேடுபவருக்கு இது வரம், அவருக்கு இரும்பென்றால் துருப்பிடித்த ஆணி. நமக்கு அப்படியா? 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய ஆய்வறிக்கை, சிவகளையில் கிடைத்த காலக்கணிப்புகளுள் மிகப் பழையதை கி.மு. 3345 என்று சொல்கிறது. அந்தக் கணிப்பைப் பற்றி அறிஞர்கள் இன்னும் நிறைய விவாதிப்பார்கள், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் அந்த விவாதத்துக்கே ஆதாரமாக இருப்பது என்ன? கருவி குப்பை என்று ஒதுக்கும் துருப்பிடித்த இரும்புத் துண்டும், அதோடு கிடந்த கரியும், அது புதைந்திருந்த தாழியும், இவை எந்த நிலையில் ஒன்றோடொன்று கிடந்தன என்ற பதிவும்தான். ஒரு மண்வெட்டிக் கொத்தில் அந்த நிலை போய்விடும். இரும்பை எடுத்து அருங்காட்சியகத்தில் கொடுத்தாலும் காலம் திரும்ப வராது.

வத்தலக்குண்டைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இந்த ஆபத்து உண்டு. மேலே தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஈமச் சின்னங்கள். பழனிக்கு அருகே பொருந்தலில் அவர் குழு அகழ்ந்த கல்லறையொன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் ஒரு ஜாடியில் இருந்தது. அந்த நெல்லின் கரிமக் கணிப்பு கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் கிடைத்த பிரிமணையில் தமிழ் பிராமி எழுத்து. மேற்கே ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் தமிழ் எழுத்தின் வரலாற்றையே முன்னுக்குத் தள்ளின. கீழடிக்கு முன் மத்திய தொல்லியல் துறை வைகையின் இரு கரையிலும் நடந்து பார்த்தபோது 293 இடங்களைக் குறித்தது. நெல், எழுத்து, பானை ஓடு, கல். இவற்றில் ஒன்றுக்கும் டிடெக்டர் ஒலி எழுப்பாது. ஒலி எழும்பிய காசுக்காகத் தோண்டுபவர் இவற்றையெல்லாம் கிளறிவிட்டுத்தான் காசை எடுப்பார்.

ஆகவே என் வேண்டுகோள் கடுமையானதாக இருந்தாலும் தெளிவானது. கல்வட்டம், கல்திட்டை, தாழிக்காடு, பானை ஓடு சிதறிய நத்தமேடு, கோயில் வளாகம், பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லை ஆகிய இடங்களில் கருவியை இயக்கவே வேண்டாம். அனுமதியோடு உழவு நிலத்தில் தேடும்போது இரும்பு ஒதுக்கும் வசதியை அணைத்துவையுங்கள். இரும்பு ஒலி ஓரிடத்தில் கூட்டமாக வந்து, பக்கத்தில் கறுப்பு-சிவப்பு ஓடும் தென்பட்டால், நீங்கள் நிற்பது ஈமக்காட்டின் மேல் என்று அறிந்து நகர்ந்துவிடுங்கள். இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். இப்படிப் பார்த்தால் இரும்பு ஒலிதான் அந்தக் கருவி நமக்குத் தரும் மிக மதிப்புள்ள தகவல்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் கண்டவர், என்ன பொருள், எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை. சொந்த நிலமானாலும் இதுவே விதி. நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது.

இந்தச் சட்டத்தின் பழைய குறையொன்றையும் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். அரசு புதையலை எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். சங்ககாலச் செம்புக் காசின் உலோக மதிப்பு என்ன? டீக்காசுக்குக்கூடக் காணாது. நேர்மையாகத் தெரிவிப்பவருக்கு எதுவும் கிடைக்காது, மறைத்து விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்ற நிலையில் எத்தனை குடங்கள் உருக்கும் குகைக்குப் போயிருக்கும்! பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சந்தை மதிப்பைக் கணித்துக் கொடுக்கிறது. சிறு பொருள்களைத் தாமாகவே பதிவு செய்ய 1997 முதல் தனித் திட்டமும் அங்கே நடக்கிறது. அதற்கும் முன்பே, 1992-இல், ஹாக்ஸனில் எரிக் லாஸ் என்பவர் நண்பரின் தொலைந்த சுத்தியலைத் தேடப் போய் ரோமானியத் தங்கத்தையும் வெள்ளியையும் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டு அதிகாரிகளை அழைத்தார். தொல்லியலாளர்கள் வந்து அப்படியே அகழ்ந்ததால், 14,865 காசுகளோடு, அவை இருந்த மரப்பெட்டியின் தடமும் பொருள்கள் அடுக்கப்பட்ட விதமும் கிடைத்தன. நம் பக்கம் 1898-இல் புதுக்கோட்டைக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. காசுகளைப் பற்றி நிறையத் தெரியும். அவற்றைப் புதைத்தவரைப் பற்றிச் சொல்ல அந்த மண்ணிலிருந்து நமக்கு எதுவும் மிஞ்சவில்லை.

கருவியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு வேலைகளைச் சொல்வேன். ஒன்று, அகழாய்வுக் குழிகளிலிருந்து வெளியே கொட்டப்பட்ட மண். சல்லடைக்குத் தப்பிய சிறு காசை அதில் பிடிக்கலாம். அகழாய்வு இயக்குநரின் அனுமதியோடு, அவர் சொல்லும் முறையில் செய்தால் ஒருவருக்கும் இழப்பில்லை. இன்னொன்று, போர்க்களம். அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னில் 1876-இல் நடந்த போரின் களத்தில் 1984 முதல் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் தன்னார்வலர்களின் டிடெக்டர்களை வரிசையாக நடத்தினார்கள். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொடி. ஒவ்வொரு தோட்டா உறையும் கிடந்த இடத்திலேயே அளந்து பதிவு செய்யப்பட்டது. உறையின் மேல் பதிந்த ஊசித் தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கு நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது. அங்கே உழைத்தவர்கள் நம்மைப் போன்ற பொழுதுபோக்காளர்கள். விருப்பாட்சி கோபால் நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கூட்டணி கும்பினிப் படையோடு மோதிய திண்டுக்கல் சீமையில் இப்படி ஓர் ஆய்வு நடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. ஈயக் குண்டு டிடெக்டருக்கு நன்றாகக் கேட்கும், பல அலைக் கருவிக்கு இன்னும் தெளிவாகக் கேட்கும். பல்கலைக்கழகம் ஒன்றோ தொல்லியல் துறையோ முன்வந்தால், வரிசையில் நடக்க ஆள் திரட்டும் பொறுப்பை இந்த இதழ் ஏற்கும்.

இதழின் நடைமுறையிலும் ஒரு மாற்றம். அடுத்த இதழ் முதல், கிடைத்த இடம் குறிக்கப்படாத புதிய காசுகளின் படங்களை நாங்கள் வெளியிடப் போவதில்லை. கிராமம், கிடைத்த ஆழம், கூடக் கிடந்தவை, ஆட்சியருக்குத் தெரிவித்த நாள் ஆகிய நான்கும் கடிதத்தோடு வர வேண்டும். சரியான இடத்தை அச்சில் மறைத்து, துறைக்கு மட்டும் அனுப்பிவைப்போம். பழைய சேகரிப்பில் உள்ளவற்றுக்கு, யாரிடம் எந்த ஆண்டு வாங்கியது என்ற குறிப்பு போதும். முதல் மூன்று விவரங்களையும் நிரப்ப ஒரு படிவம் இந்த இதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. வெட்டி எடுத்து டிடெக்டர் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்
வத்தலக்குண்டு