அணிலுக்கு வேண்டியது வேலி அல்ல, கிளை



மதுரையிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் எல்லோருக்கும் தெரியும். அந்த மலையில் வாழும் சாம்பல் நிற மலை அணிலைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? ராமர் தடவிய மூன்று கோடு இதற்குக் கிடையாது. பெரிய உடம்பு, அந்த உடம்புக்கு ஏற்ற நீள வால். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது.

இந்த அணிலுக்காகவே 1988இல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. சந்தோஷம்தான். ஆனால் புலி பேச்சு வந்ததும் அணில் பேச்சு அடங்கிவிட்டது. புலிக்குக் கிடைக்கும் பாதுகாப்பே அணிலுக்கும் போதும் என்று நினைக்கிறோம். போதாது என்பது என் கருத்து.

இது தரையில் இறங்கத் தயங்கும் பிராணி. தின்பது, தூங்குவது, கூடு கட்டுவது, எதிரிக்குத் தப்புவது எல்லாம் மரத்தின் மேலேதான். கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நின்றால்தான் அதற்குப் பாதை. நடுவில் நாலு மரம் போனால் பாதை அறுந்தது. காட்டின் எல்லைக்கல் எங்கே என்பதும் அதற்குத் தெரியாது. அடிவாரத்துப் பட்டா நிலங்களில் உள்ள மாமரமும் புளியமரமும் அதற்கு வீடுதான். அணிலை வேட்டையாடினால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிடிக்கும். சொந்தத் தோப்பை அழித்து பிளாட் போட்டால்? அங்கே நம் மனசாட்சிதான் காவல்.

"சார், காயைக் கடித்துப் போடுகிறதே, நஷ்டம் யாருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தோப்பை நம்பிப் பிழைப்பவர் தலையில் மட்டும் அந்தச் சுமையை வைக்கக் கூடாது. அரசு முறையாக இழப்பீடு தர வேண்டும். அதை நாம் சேர்ந்தே கேட்போம்.

அதோடு, அடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் நம் ஆட்கள் தோப்பைப் புதுப்பிக்கும்போது ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். ஓடையோரமும் வரப்போரமும் மலையைத் தொடும் பழைய மரவரிசையை விட்டுவையுங்கள். இடைவெளி விழுந்த இடத்தில் ஒரு புளியங்கன்றோ மாங்கன்றோ வையுங்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுபவர்கள் காட்டில் தீ மூட்டாதீர்கள், பிளாஸ்டிக்கை விட்டுவராதீர்கள்.

அணிலுக்காக இவ்வளவா என்று தோன்றினால், நம் வைகையை நினைத்துக்கொள்ளுங்கள். அது பிறப்பது இதே காப்பகத்தைச் சேர்ந்த மேகமலை, வருசநாட்டுக் காடுகளில்தான். அணில் தாவுகிற அளவுக்கு மரம் அடர்ந்த மலைதான் மழைநீரையும் பிடித்துவைக்கும். மரம் போன மலையிலிருந்து மதுரைக்கு என்ன வரும்?

தோப்பு விற்கிற யோசனையில் யாராவது இருந்தால், கையெழுத்துப் போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.