கடைசியாக எப்போது சாப்பிட்டார்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பார்வை பறிபோனோரும் உண்டு. அந்நாட்களில் சாராயத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். குடிப்பவர் என்ன உண்கிறார் என்பதைப் பேசியவர் குறைவு. மருத்துவர்களாகிய நாங்கள் அதைப் பேசியாக வேண்டும் என்று கருதுகிறோம்.

மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண் நரம்பைச் சிதைப்பது அந்த அமிலமே. அதைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுவதற்கு உடலுக்கு ஃபோலேட் என்னும் பி வகை வைட்டமின் வேண்டும். ஆகவேதான் சிகிச்சையில் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துத் தருகிறோம். நாள்தோறும் குடித்து உணவைக் குறைத்துக்கொண்டவரின் உடலில் இச்சத்து பெரும்பாலும் முன்பே குறைந்திருக்கும். இதைக் கொண்டு, கீரை தின்றால் சாராயம் ஒன்றும் செய்யாது என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். எந்த உணவும் மெத்தனாலுக்கு முறிவு மருந்தாகாது.

கடையில் விற்கும் மதுவைக் குடிப்போருக்கும் வேறொரு பற்றாக்குறை உண்டு. தயமின் என்னும் பி1 வைட்டமின் உடலில் 2 அல்லது 3 வாரங்களுக்கு உரிய அளவே சேமிப்பில் இருக்கும். மது அதைக் குடல் உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. அது தீர்ந்தால் மனம் குழம்பும், நடை தள்ளாடும், கண்விழி சரியாக அசையாது. வீட்டாரோ, போதை இன்னும் தெளியவில்லை என்று எண்ணி ஓர் அறையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். எங்களை மிகவும் வருத்துவது இதுதான். உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் மீளக்கூடியவர், காலம் தாழ்ந்தால் நினைவாற்றலை நிரந்தரமாக இழக்க நேரிடும். தயமின் இன்றிக் குளுக்கோஸை மட்டும் ஏற்றுவதும் நிலைமையை மோசமாக்கலாம். தெம்புக்கு ஒரு பாட்டில் ஏற்றினால் போதும் என்று கேட்போர் இதை அறிய வேண்டும்.

குடித்துவிட்டு வருபவருக்குச் சோறு ஒரு கேடா என்னும் மனைவியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டுச் செலவைக் குடித்துத் தீர்த்தவருக்கு அக்கறையோடு பரிமாறுங்கள் என்று சொல்ல எங்களுக்கும் தயக்கமே. ஆயினும் சொல்கிறோம். விலை உயர்ந்த சத்து மாவு வேண்டியதில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் தயமின் அரிசிக்குள் இறங்குவதால், பச்சரிசியை விடப் புழுங்கலரிசி மேல். கல்வராயன் மலையில் விளையும் சாமையைத் தவிடு முழுதும் போகத் தீட்டாமல் சமைக்கலாம். நிலக்கடலை, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை எல்லாம் நம் ஊரிலேயே கிடைப்பவை. கீரை வெந்த நீரைக் கொட்டினால் ஃபோலேட்டின் ஒரு பகுதி அதனோடு போய்விடும்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்ட வேண்டாம்; முதலில் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எவ்வளவு குடித்தார் என்பதை நாங்கள் கேட்போம். கடைசியாக எப்போது வயிறார உண்டார் என்பதை, நாங்கள் கேட்க மறந்தாலும், நீங்களாகவே சொல்லுங்கள்.