காண்டர்பரி ஆசனம் காலியான காரணம்

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3ஆம் தேதி, லண்டன் அத்தியட்சராயிருந்த சாரா முல்லலி அம்மையார் காண்டர்பரியின் பிரதம அத்தியட்சராகத் தெரிந்துகொள்ளப்பட்டார் என்னும் செய்தி வெளியாயிற்று. கி.பி. 597இல் அகுஸ்தீன் முனிவர் கென்ட் நாட்டில் வந்திறங்கிய காலந்தொட்டு அவ்வாசனத்தில் வீற்றிருந்தோர் 105 பேர், அனைவரும் ஆடவர். 106ஆவதாக ஒரு பெண்மணி வந்தமையால் உலகெங்கும் அது பேச்சாயிற்று. நமது கலாசாலை விடுதியிலும், ஆசிரியர் அறையிலும், பழைய மாணாக்கர் எழுதும் கடிதங்களிலும் இவ்விஷயம் அடிபடாமலில்லை. மகிழ்வோர் ஒருபுறம், முகஞ்சுளிப்போர் ஒருபுறம். பெண் அவ்வாசனத்தில் அமரலாமா, ஆகாதா என்பதைப் பற்றியே இரு சாராரும் வாதிடுகின்றனர். அவ்வாசனம் ஏன் காலியாயிற்று என்று வினவுவாரை யாம் அரிதாகவே காண்கின்றோம். அதனைப் பற்றிச் சில சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண், அத்தேர்தல் நடைபெறும் முறையை அறிந்துகொள்ளல் வேண்டும். நமது தென்னிந்தியத் திருச்சபையில் திருமண்டலப் பேரவையார் வாக்களித்துச் சில பெயர்களை அனுப்ப, சினாடு அவர்களுள் ஒருவரை நியமிக்கின்றது. இங்கிலாந்தில் வழக்கம் வேறு. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1534இல், இயற்றப்பட்ட சட்டத்தின்படி காண்டர்பரிப் பேராலயத்தின் டீனும் கனோன்மாரும் கூடித் தங்கள் அத்தியட்சரைத் தேர்ந்தெடுப்பர். ஆனால் யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அரசரே எழுதியனுப்புவார். ஒரே ஓலையைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்தாற்போன்ற இச்சடங்கு இன்றளவும் ஒழியவில்லை. அரசர் அனுப்பும் பெயரை நெடுங்காலம் பிரதம மந்திரியே தெரிந்து கொடுத்து வந்தார். 1942இல் வில்லியம் டெம்பிள் ஐயரைத் தெரிந்தவர் சர்ச்சில். 1970களின் பிற்பகுதியில் திருச்சபைக் குழுவொன்று இரண்டு பெயர்களைக் கொடுப்பதும், அவற்றுள் ஒன்றைப் பிரதம மந்திரி எடுத்துக்கொள்வதும் என்னும் ஏற்பாடு வந்தது. 2007இல் கார்டன் பிரவுன் அந்தத் தெரிவுரிமையையும் விட்டுக்கொடுத்தார்.

இப்பொழுது காண்டர்பரிக்கு ஆள் தேடும் குழுவில் வாக்குரிமையுடையோர் 17 பேர். தலைவரைப் பிரதம மந்திரி நியமிக்கின்றார், அத்தியட்சர் இருவர், பொதுச் சினாடு தேர்ந்தவர் அறுவர், காண்டர்பரி அத்தியட்சாதீனத்தார் மூவர், உலகின் பிற ஆங்கிலிக்கன் சபைகளினின்று ஐவர். இவ்வைந்து இடங்கள் 2022இல் செய்த மாற்றத்தால் வந்தவை. அதற்கு முன்னர் ஓரிடமே இருந்தது. இக்குழுவின் கூட்டங்கள் மறைவாக நடைபெறுகின்றன. இம்முறை அதற்குத் தலைமை வகித்த எவன்ஸ் பிரபு முன்னாளில் பிரித்தானிய உள்நாட்டு ஒற்றறியும் இலாகாவின் தலைவராயிருந்தவர் என்பதறிந்து நகைத்தோர் உளர். யாமும் சிறிது நகைத்தோம். உரோமைச் சபையார் 2025 ஏப்ரல் 21இல் தங்கள் போப்பரசரை இழந்து, மே மாதம் 8ஆம் தேதிக்குள் வேறொருவரைப் பெற்றனர். இங்கிலாந்துத் திருச்சபையாருக்கோ இராஜிநாமாச் செய்தி வந்த நாள்முதல் ஏறக்குறைய பதினொரு மாதம் கழிந்தது.

இனிச் சுவிசேஷக் கட்சியார் எனப்படுவோரின் மனக்குறையைப் பார்ப்போம். வேத வசனமே முதல் அதிகாரம், ஒவ்வோர் ஆத்துமாவும் மனந்திரும்பல் வேண்டும் என்று வற்புறுத்தும் இவர்களை நாம் அயலார் என்று தள்ளிவிட இயலாது. 1799இல் சர்ச் மிஷன் சங்கத்தைத் தோற்றுவித்தவர்கள் இவர்களே. அச்சங்கத்தின் சார்பில் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரின் உழைப்பினால் திருநெல்வேலிச் சீமையில் எத்துணைப் பள்ளிகளும் சபைகளும் எழுந்தன என்பதை நம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். காண்டர்பரியிலும் அவர்கள் கட்சியினர் அமர்ந்ததுண்டு: 1848இல் சம்னர், 1974இல் காகன், 1991இல் கேரி, 2013இல் ஜஸ்டின் வெல்பி.

முல்லலி அம்மையாரைக் குறித்து இவர்களுள் ஒரு பகுதியார் கூறும் தடைகள் இரண்டு. சபையில் தலைமை ஆடவர்க்கே உரியது என்பது ஒன்று. இங்கிலாந்தில் பெண்கள் 1994இல் குருமாராகவும் 2015இல் அத்தியட்சராகவும் ஆயினர். 2014இல் சட்டம் மாறியபோதே இதனை ஏற்க மனமில்லாதவர்களுக்கும் சபையில் இடமுண்டு என்று உறுதி கூறப்பட்டது. நம் நாட்டில் இவ்வழக்கு அவ்வளவு புதிதன்று. தென்னிந்தியத் திருச்சபையார் இங்கிலாந்துக்கு முன்னரே, 2013இல், புஷ்ப லலிதா அம்மையாரை நந்தியால் திருமண்டலத்திற்கு அத்தியட்சராக்கினர். மற்றொரு தடை, ஒரே பாலினத் தம்பதிகளுக்கு ஆசீர்வாத ஜெபம் செய்வதை அத்தியட்சர்கள் 2023இல் அனுமதித்தது பற்றியது. அதற்கு வழிகோலிய ஆலோசனைக் குழுவை நடத்தியவர் இவ்வம்மையாரே. ஆகவே 2008இல் எருசலேமில் கூடித் தொடங்கிய காஃப்கான் என்னும் கூட்டத்தார், அவரது நியமனத்தின் பின் இரண்டு வாரங்கூடக் கழியுமுன், அக்டோபர் 16ஆம் தேதி, ருவாண்டாவின் பிரதம அத்தியட்சர் லோரன்ட் எம்பாண்டா வாயிலாக, காண்டர்பரியை மையமாகக் கொண்ட பழைய ஐக்கிய ஏற்பாடுகளைத் தாங்கள் தள்ளிவிட்டதாக அறிவித்தனர்.

இத்தடைகளை எள்ளி நகையாடுதல் எமக்கு உடன்பாடன்று. மனச்சாட்சியினின்று பிறந்த சொல்லை மதித்தே மறுக்க வேண்டும். ஆப்பிரிக்க சபைகளில் ஞாயிறுதோறும் நிரம்பி வழியும் ஜனத்திரளை நோக்கும்போது, ஒரு தீவின் அரசர் முத்திரையிட்ட பெயரை உலகமனைத்தும் தலைமேற் கொள்ள வேண்டும் என்று சொல்வதும் எளிதன்று. ஆயினும் அவர்கள் அளக்கும் அளவுகோலில் ஒரு முழம் குறைந்திருக்கின்றது.

ஜஸ்டின் வெல்பி ஐயர் 2024 நவம்பர் 12ஆம் தேதி இராஜிநாமாவை அறிவித்தது பெண் குருத்துவத்தாலன்று; ஆசீர்வாத ஜெபத்தாலுமன்று. ஐந்து நாட்களுக்கு முன்னர், கீத் மேக்கின் என்பார் எழுதிய விசாரணை அறிக்கை வெளிவந்திருந்தது. அது ஜான் ஸ்மித் என்னும் பாரிஸ்டரைப் பற்றியது. பெருங்குடிப் பிள்ளைகள் பயிலும் பள்ளி மாணாக்கருக்காக ஐவர்ன் என்னும் பெயரால் விடுமுறை முகாம்கள் நடைபெற்றன. அவற்றை நடத்திய சங்கத்தின் தலைவராயிருந்தவர் அவர். நற்செய்தி கேட்கவென்று வந்த இளைஞர் சிலரைத் தம்பால் இழுத்து, பாவம் நீங்கும் வழி இதுவென்று கற்பித்து, வின்செஸ்டர் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் இரத்தம் ஒழுகும்வரை பிரம்பாலடித்தார். இது 1970களிலும் 1982 வரையிலும் நடந்தது. அவ்வாண்டில் குருவானவர் ஒருவர் உண்மையை விசாரித்து, எழுத்திலேயே வரைந்து, நம்பத்தக்க சிலர்க்குக் கொடுத்தார். அதனைப் படித்தவர் எவரும் போலீசாரிடம் செல்லவில்லை.

அவர்கள் ஏன் செல்லவில்லை? வெளியே தெரிந்தால் தேவ ஊழியத்திற்குப் பெருங்கேடு விளையும் என்று கருதியதாக அவர்களுள் ஒருவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இதனைப் படித்தபோது எம் கை சற்று நின்றது. பொருளாசையும் பதவியாசையும் செய்யாத தீமையை ஊழியத்தின் பெயரால் வந்த அச்சம் செய்துவிட்டது. 1984இல் ஸ்மித் ஜிம்பாப்வே நாட்டுக்குச் சென்று அங்கும் முகாம்களை நடத்தினார். 1992இல் அம்முகாம் ஒன்றில் 16 வயது மாணவன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். வழக்குத் தொடரப்பட்டது, முடிவு காணாமலே ஒழிந்தது. 2013இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக்கு விஷயம் எட்டியது. இளமையில் தாமும் அம்முகாம்களில் பணி செய்தவராகிய வெல்பி ஐயர், அவ்வாண்டுக்கு முன்னர் ஒன்றும் அறியேன் என்றார். அறிந்த பின்னராவது அவர் போலீசாரிடம் முறைப்படி அறிவித்திருக்கலாம், அறிவித்திருக்கவும் வேண்டும் என்பது அறிக்கையின் முடிவு. 2017இல் தொலைக்காட்சியொன்று உரக்கச் சொன்ன பின்னரே உலகம் அறிந்தது. 2018இல் ஸ்மித் தென்னாப்பிரிக்காவில் இறந்தார். எந்த நியாயஸ்தலமும் அவரைத் தண்டிக்கவில்லை. இரு கண்டங்களிலுமாக அவரால் அடிபட்டோர் நூற்றுக்கு மேற்பட்டவர்.

இம்முகாம்கள் சுவிசேஷக் கட்சியாரின் நடுவே பிறந்து வளர்ந்தவை. மறைத்தோருள் பலரும் அக்கட்சியில் மதிப்புற்றோரே. காலியான ஆசனத்தைக் குறித்து அவர்கள் தீர்ப்புச் சொல்ல வரும்போது, அது காலியான காரணத்தைப் பற்றியல்லவா முதல் வாக்கியம் எழுதியிருக்க வேண்டும்? 'உபதேசத் தூய்மை வேறு, பிள்ளைகளின் பாதுகாப்பு வேறு. ஒன்றை வற்புறுத்துவோர் மற்றொன்றை மறந்தாரென்பது அநியாயம்' என்று எம் நண்பரொருவர் மறுக்கின்றார். இரண்டையும் ஒருங்கே போற்றும் நல்லோர் அக்கட்சியில் மிகப் பலர் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் 1982இல் மௌனம் சாதித்தோரும் உபதேசத்தில் பழுதற்றவரே. புதிய பிரதம அத்தியட்சரின் விசுவாசத்தைப் பரிசோதிக்கக் கேட்கும் கேள்விகளில், அடிபட்ட பிள்ளை வந்து சொன்னால் யாரிடம் செல்வீர் என்பது முதலாவதாக இருக்கட்டும் என்பதே எம் வேண்டுகோள்.

மகிழ்வோருக்கும் இது பொருந்தும். முதற் பெண் அத்தியட்சர் என்னும் கொண்டாட்டத்தில் கொட்டகையை மறந்தோர் அவர்களுள்ளும் உளர். அம்மையார் 1999 முதல் 2004 வரை இங்கிலாந்தின் தலைமைத் தாதியாகப் பணியாற்றியவர். புண்ணை மூடிவைத்தால் சீழ் கோக்கும் என்பதை மருத்துவமனையில் கற்றவர்க்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. அவர்முன் நிற்கும் வேலையோ சிறிதன்று. 2025 பெப்ரவரியில் பொதுச் சினாடு இவ்விஷயத்தை ஆராய்ந்தபோது, மேற்பார்வையைப் புறம்பான சபையொன்றுக்கு விட இசைந்தது. ஆயினும் அத்தியட்சாதீனங்களில் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் உத்தியோகஸ்தரை உடனே திருச்சபையின் கையினின்று விலக்க இசையவில்லை. முறையீட்டை விசாரிப்பவரும் சம்பளம் பெறுவது அதே கருவூலத்தினின்றே என்னும் நிலை அப்படியே நின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் வீட்டாரே வழக்கை விசாரிப்பது கிராமப் பஞ்சாயத்திலும் ஒவ்வாது. காஃப்கான் கூட்டத்தார் பிரிவதாயினும், சேர்ந்திருப்பதாயினும், இவ்வொரு விஷயத்தில் காண்டர்பரியை நெருக்குவார்களாயின் அவர்களை யாமும் வாழ்த்துவோம்.

தொலைவிலுள்ள தீவின் கதை என்று நம் மாணாக்கர் இதனை ஒதுக்கவேண்டாம். நாமும் விடுதி வைத்திருக்கின்றோம். விடுமுறை வேதப் பள்ளிகளும் வாலிபர் முகாம்களும் நடத்துகின்றோம். ஐயர் என்றால் எழுந்து நிற்பதும், அவர் சொல்லை எதிர்த்துப் பேசாதிருப்பதும் நம்மிடையே நல்லொழுக்கமாக எண்ணப்படுகின்றன. அவ்வொழுக்கத்தின் நிழலில் என்னவும் ஒளிந்துகொள்ளக்கூடும். நம் நாட்டில் 2012இல் இயற்றிய போக்ஸோ சட்டம், பாலர்மீது நிகழும் பாலியற் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் போலீசாருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று விதிக்கின்றது. தெரிவியாத ஸ்தாபனத் தலைவர்க்குச் சிறையும் உண்டு. நமது விடுதிக் காவலருள் எத்தனை பேர் அதனைப் படித்திருக்கின்றனர்?

தர்க்க சங்கத்தார் வரும் பருவத்தில் 'பெண் பிரதம அத்தியட்சராகலாமா' என்னும் பொருளில் வாதம் நடத்தக் கருதியிருப்பதாக அறிகின்றோம். நடத்தட்டும், இரு புறமும் நன்கு பேசக்கூடியவர் நம்மிடையே இருக்கின்றனர். அதற்கு அடுத்த கூட்டத்தில், 1982இல் அவ்வெழுத்தைக் கையிற்பெற்ற ஒருவர் அன்றிரவு என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் பொருளாக வைத்துக்கொள்ளுமாறு காரியதரிசியைக் கேட்டுக்கொள்கின்றோம். விடுதிக் காவலர்களையும் அன்று அழைத்தல் நலம்.