கம்பி கோக்கும் கைகள்

"பெரியவளானதும் என்ன ஆவாய்?" என்று கேட்டால், எங்கள் பத்தாம் வகுப்பில் டாக்டர், டீச்சர், நர்ஸ் என்ற விடைகளே வரும். துணிச்சல்காரிகள் இருவர் விமானம் ஓட்டுவோம் என்பார்கள். விமானத்தில் மின்கம்பி இணைப்போம் என்று ஒருத்தியும் சொன்னதில்லை. இது பெருங்குறை என்பது எங்கள் கருத்து.

1996 நவம்பர் 12 அன்று மாலை, டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதின. 349 பேர் மாண்டனர், ஒருவரும் பிழைக்கவில்லை. 15,000 அடி உயரத்தில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அன்று டில்லி ராடார் திரையில் விமானம் இருக்கும் இடம் தெரிந்தது, உயரம் தெரியவில்லை. விமானி வாயால் சொன்னால்தான் உண்டு.

விமானமே தன் உயரத்தைச் சொல்ல உதவும் கருவிதான் டிரான்ஸ்பாண்டர். ராடார் 1030 மெகாஹெர்ட்சில் கேட்கும். இது 1090 மெகாஹெர்ட்சில் விடை தரும். அந்த விபத்துக்குப் பின் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மோதல் தடுப்புக் கருவியும் அடுத்த விமானத்தின் டிரான்ஸ்பாண்டரைக் கேட்டே எச்சரிக்கிறது.

ஆனால் பாவம், இந்தப் பெட்டிக்குத் தானாக உயரம் தெரியாது! காற்றழுத்தத்தை அளக்கும் வேறொரு கருவி கம்பி வழியே சொல்லியனுப்ப வேண்டும். பழைய முறையில் இதற்கே ஒன்பது பத்துக் கம்பிகள். ஒவ்வொன்றும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று சொல்ல, எல்லாம் சேர்ந்து ஓர் உயரமாகும். ஒரு கம்பி அறுந்தாலோ இடம் மாறினாலோ பெட்டி நூற்றுக்கணக்கான, சமயத்தில் ஆயிரக்கணக்கான அடிகள் பொய் சொல்லும். அது பொய்யென்று அதற்கே தெரியாது. புதிய முறையில் கம்பிகள் குறைவு. ஆனால் இரு கருவிகளும் ஒரே வேகத்தில், ஒரே முறையில் பேசும்படி அமைக்காவிட்டால் உயரமே போய்ச் சேராது.

பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? பாவில் ஓர் இழை அறுந்தால் துணியில் கோடு விழுந்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். விமானத்தில் தெரியாது. ஆகவே இணைத்து முடித்தபின், விமானம் தரையில் நிற்கும்போதே அதன் குழாய்களில் காற்றழுத்தத்தைக் குறைத்து, மேலே ஏறுவதுபோல் அதை நம்பவைத்து, ஒவ்வோர் உயரத்துக்கும் சரியான விடை வருகிறதா என்று சோதிக்கிறார்கள். அலுப்பான வேலைதான். பயணிகள் இறங்கும்போது விமானிக்கு நன்றி சொல்கிறார்கள். இவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

"பெண் பிள்ளைக்கு ஸ்குரூ டிரைவர் எதற்கு?" என்று எங்கள் பெற்றோரில் சிலர் சிரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த ஒன்றைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும் அம்மாவை வைத்துக்கொண்டா இப்படிக் கேட்பது? பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்துத் தேறினால் விமானப் பராமரிப்புப் பொறியியல் படிக்கலாம். எங்கள் வகுப்புப் பலகையில் மேற்படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. இதையும் அதில் எழுதும்படி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம்.