மரம் நட்டாச்சு, போட்டோ போட்டாச்சு... மரம் எங்கே?



தலைவர் பிறந்தநாள் நெருங்குது. ஒன்றியம், நகரம், கிளை என எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இப்பவே பேச்சு ஆரம்பிச்சாச்சு. "இந்த வருஷம் எத்தனை மரக்கன்று? பக்கத்து ஒன்றியம் ஐநூறாம், நாம ஆயிரமா அடிச்சிரலாம்!"

அதுக்கு முன்னாடி ஒரு உண்மையைச் சொல்லிடறேன்.

போன வருஷம் எங்க ஊர்க் கண்மாய்க் கரையில் 100 கன்று நட்டோம். ரீல்ஸ் எடுத்ததே நான்தான். டிரோன் ஷாட், பின்னணி இசை, எல்லாம் பக்கா. செம வரவேற்பு. இந்த ஏப்ரல்ல அந்த வழியா போனப்ப வண்டியை நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். உயிரோட இருந்தது 11. அதுவும் பக்கத்துல டீக்கடை வெச்சிருக்கிற அக்கா ஊத்தின தண்ணியில பிழைச்சது.

"பாத்திரம் கழுவுற தண்ணியைத்தான் ஊத்தினேன் தம்பி. நீங்க அன்னைக்கு போட்டோ எடுத்துட்டுப் போனதோட சரி, அப்புறம் ஆளையே காணோமே?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டும்! நம்மில் நிறைய பேருக்கு ஒரு நினைப்பு இருக்கு: "பைக்ல சுத்தறேன், ஏசி போடறேன், அதனால என்ன? வருஷத்துக்கு ஒரு மரம் நடறேன்ல, கணக்கு நேராயிடும்." நேராகுதான்னு நீங்களே பாருங்க.

🔴 நாம் விடும் புகை

பைக்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். பெட்ரோல் எடையே முக்கால் கிலோதானே என்று கேட்கலாம். எரியும்போது காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் சேருது, அதான் எடை கூடுது. தினமும் 30 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் 180 லிட்டர். அதாவது 414 கிலோ.

கரண்ட்: நம்ம நாட்டில் இன்னும் பெரும்பகுதி மின்சாரம் நிலக்கரியில்தான் வருது. ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. இரண்டு மாத பில்லில் 400 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு வருஷத்துக்கு 1,680 கிலோ. வீட்டில் நாலு பேர் என்றால் தலைக்கு 420.

கேஸ்: ஒரு சிலிண்டர் 14.2 கிலோ. எரிந்து முடிந்தால் சுமார் 42 கிலோ. வருஷத்துக்கு எட்டு சிலிண்டர், நாலு பேர் என்றால் தலைக்கு சுமார் 85.

மொத்தம் கிட்டத்தட்ட 920 கிலோ. சாப்பாடு, துணிமணி, வீடு கட்டின சிமெண்ட் எதுவும் இதில் சேரலை.

🟢 மரம் பிடித்து வைப்பது

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். தண்டு, கிளை, வேர் எல்லாம் சேர்த்து காய்ந்த எடை 100 கிலோ வருகிற ஒரு மரத்தில் 50 கிலோ கார்பன் இருக்கும். அதுக்காக அந்த மரம் காற்றிலிருந்து எடுத்திருக்கிற கார்பன் டை ஆக்சைடு சுமார் 183 கிலோ. ஒரு வருஷத்தில் எடுத்தது இல்லை தோழர், அந்த அளவுக்கு வளர எடுத்துக்கிட்ட அத்தனை வருஷத்திலும் சேர்த்து எடுத்தது!

920-ஐ 183-ஆல் வகுத்தால் 5. அதாவது உங்க ஒரு வருஷப் புகைக்கே அந்த அளவு வளர்ந்த 5 மரம் வேணும். அடுத்த வருஷத்துக்கு இன்னொரு 5. எங்க கண்மாய்க் கரை மாதிரி நூத்துக்கு 11தான் பிழைக்கும்னா, ஆளுக்கு ஆள் வருஷா வருஷம் 45 கன்றுக்கு மேல நடணும்.

நம்ம கூட்டத்தையும் விட்டு வைக்க வேண்டாம். ஒரு ஒன்றியத்திலிருந்து 40 வேன், போக வர 200 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று வைங்க. 1,000 லிட்டர் டீசல். சுமார் 2,700 கிலோ. அந்த மாதிரி 15 மரம் பல வருஷமா சேர்த்து வைத்ததை ஒரே நாளில் ஊதித் தள்ளுறோம்.

இன்னொன்று. எரித்த பெட்ரோல் திரும்ப பூமிக்குள்ள போகாது. ஆனால் மரத்தில் இருக்கிற கார்பன் எப்ப வேணும்னாலும் காற்றுக்குத் திரும்பலாம். மரம் எரிந்தாலும் போச்சு, மட்கினாலும் போச்சு. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பர் 16, கஜா புயலில் டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் ஒரே ராத்திரியில் விழுந்தன. பிள்ளை மாதிரி வளர்த்த விவசாயி தலையில் கை வைத்து உட்கார்ந்ததை நாம மறக்க முடியுமா?

அப்ப மரமே நட வேண்டாமா? அப்படிச் சொல்லவே இல்லை. நிழலுக்கு நடுவோம், மண்ணுக்கு நடுவோம், பறவைக்கு நடுவோம். வெயிலில் நின்று வேலை செய்கிற நம்ம ஜனங்களுக்கு ஒரு வேப்பமர நிழல் என்னன்னு ஏசி அறையில் உட்கார்ந்து அளக்க முடியாது. ஆனால் மரத்தை நம்ம புகைக்குப் பாவமன்னிப்புச் சீட்டு ஆக்கிடக் கூடாது.

எங்கே, எந்த மரம் என்பதும் முக்கியம். நீலகிரியில் புல்வெளியை வெறும் நிலம் என்று நினைத்து தைலமரமும் சீகையும் நட்டாங்க. விறகுக்கு ஆகும் என்று பரப்பின சீமைக்கருவேலம் கண்மாயெல்லாம் மண்டி, அதைப் பிடுங்க நீதிமன்றம் வரை போக வேண்டியதாச்சு. பச்சையா இருந்தா எல்லாம் நல்லதுன்னு நினைக்கிறது தப்பு.

"எல்லாம் சரி, தனி மனுஷன் கணக்கை மட்டும் ஏன் கேட்கிறீங்க?" நியாயமான கேள்வி. 'உங்கள் கார்பன் தடம் எவ்வளவு' என்ற கேள்வியை 2000-களில் விளம்பரம் செய்து ஊர் முழுக்கப் பரப்பியதே பிபி என்கிற எண்ணெய் நிறுவனம்தான். எண்ணெய் விற்கிறவனே நம்மிடம் கணக்கு கேட்கிறான்! இந்தியாவில் தலைக்கு வருஷத்துக்கு சுமார் 2 டன், அமெரிக்காவில் அதைப்போல பல மடங்கு. அதனால் நம்ம கணக்கு சரியா இருந்தா மட்டும் போதாது. ஊருக்கு நேரத்துக்கு பஸ் வரணும், கூரையில் சோலார் வரணும், சாலை அகலப்படுத்தும்போது நூறு வருஷத்துப் புளியமரத்தை வெட்டும் முன் மாற்று வழி பார்க்கணும். இதைக் கேட்பதுதான் அரசியல். இதுக்குத்தான் நாம கட்சியில் இருக்கோம். ஆனால் நட்ட கன்றுக்குத் தண்ணி ஊத்தாதவன் அடுத்தவனைக் கேள்வி கேட்டா எடுபடுமா?

✅ இந்த வருஷம் என்ன செய்வோம்?

1. எண்ணிக்கைப் போட்டி வேண்டாம். ஒரு கிளைக்கு 10 கன்று போதும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தோழர் பொறுப்பு. பேர் எழுதி வைங்க.

2. பிறந்தநாள் கோடையில் வந்தா அன்னைக்கு நட வேண்டாம். குழி மட்டும் வெட்டி, மட்கின எரு போட்டு வைங்க. ஐப்பசி மழை இறங்கினதும் நடுங்க.

3. நம்ம மண்ணு மரம்: வேம்பு, புங்கன், நாவல், பூவரசு. தண்ணீர்க் கரை என்றால் மருதம். ஏரிக்கரையில் பனை விதை.

4. முள்வேலியோ கூண்டோ கட்டாயம். ஆடு மேய்க்கிறவர்களைத் திட்டாதீங்க, அவங்ககிட்ட முன்கூட்டியே பேசுங்க. இரண்டு கோடையைத் தாண்டிட்டா மரம் தன்னைத்தானே பார்த்துக்கும்.

5. முதல்ல புகையைக் குறைங்க. 75 வாட் பழைய ஃபேனை 30 வாட் பிஎல்டிசி ஃபேனா மாற்றினால், தினம் 12 மணி நேரம், 300 நாள் ஓட்டத்தில் 162 யூனிட் மிச்சம். சுமார் 113 கிலோ புகை வராது. இரண்டே வருஷத்தில் மேலே சொன்ன மரத்தை மிஞ்சிடும், கரண்ட் பில்லும் குறையும்.

6. கூட்டத்துக்கு வரும்போது பஸ், ரயில் இருந்தா அதிலேயே வாங்க. கால் காலி வேனை அனுப்பாதீங்க.

கடைசியா ஒன்று. நடும்போது எடுத்த போட்டோவை இந்தப் பக்கத்துக்கு அனுப்பாதீங்க, போட மாட்டோம். ஒரு வருஷம் கழித்து, அதே கன்று பக்கத்தில் அதே தோழர் நிற்கிற போட்டோவை அனுப்புங்க. அதை முதல் பதிவா போடுறது என் பொறுப்பு.

நான் என் பங்கை ஆரம்பிச்சுட்டேன். கண்மாய்க் கரையில் மிச்சம் இருக்கிற 11-க்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணி ஊத்தறது இப்ப என் வேலை. போன வாரம் டீக்கடை அக்கா காசு வாங்காம ஒரு டீ கொடுத்தாங்க. "அடுத்த வாரமும் வருவியா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

வருவேன் அக்கா. நீங்களும் உங்க ஊர்ல வருவீங்கதானே, தோழர்?

#நட்டதைக்காப்போம் #ஒருவருடம்கழித்துபடம்

— தகவல் தொழில்நுட்ப அணி