கிழிந்த வலையிலிருந்து நீச்சல் உடை

கிழிந்துபோன மீன் வலைக்கு என்ன விலை கிடைக்கும்? "குப்பைக்குப் போவதற்கு விலை வேறா?" என்று கேட்பீர்கள். ஆனால் ஐரோப்பாவில், ஸ்லோவேனியா நாட்டின் தலைநகரான லுப்லியானாவில் ஓர் ஆலை இருக்கிறது. பல தேசங்களிலிருந்தும் பழைய வலைகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்குகின்றன. வலையாக உள்ளே போவது நைலான் நூலாக வெளியே வருகிறது. அந்த நூலில் தயாரான நீச்சல் உடைகளையும் கைப்பைகளையும் மேல்நாட்டுச் சீமாட்டிகள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆலையை நடத்துவது 'அக்வாஃபில்' என்னும் இத்தாலியக் கம்பெனி. 2011-ம் ஆண்டு முதல் 'எக்கோனில்' என்ற பெயரில் இந்த நூலைச் செய்து வருகிறது. 'பிராடா' என்ற இத்தாலிய நிறுவனம் நைலான் பைகளுக்குப் பேர்போனது அல்லவா? அதுவே 2019-ல் இந்த நூலுக்கு மாறத் தொடங்கியது.

இதில் கண்கட்டு வித்தை ஒன்றும் இல்லை, எல்லாம் ரசாயனம்தான். நைலானில் முக்கியமாக இரண்டு ரகங்கள் உண்டு. அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் விஞ்ஞானி வாலஸ் கரோதர்ஸ் 1935-ல் கண்டுபிடித்தது 'நைலான் 66'. இரண்டு வெவ்வேறு ரசாயனப் பொருள்களை மாற்றி மாற்றிக் கோத்தது அது. மூன்று வருஷம் கழித்து, 1938-ல், ஜெர்மானியரான பால் ஷ்லாக் 'நைலான் 6' என்ற ரகத்தைச் செய்தார். இதற்கு 'காப்ரோலாக்டம்' என்ற ஒரே பொருள் போதும். ஒரே ரக மணிகளைக் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையைப் பிரித்தால் அதே மணிகள் கைக்கு வந்துவிடும், மறுபடியும் கோக்கலாம். நைலான் மீன் வலைகளில் பெரும்பாலானவை இந்த ரகம் என்பது நம் அதிர்ஷ்டம்.

வெறுமனே உருக்கி நூலாக இழுத்தால் அழுக்கும் சாயமும் கூடவே தங்கிவிடும். நூலும் வலு இழக்கும். அதனால்தான் உஷ்ணத்தாலும் நீராவியாலும் நைலானை மூலப்பொருளாகவே பிரித்து, வடித்துச் சுத்தம் செய்து, மறுபடியும் நைலானாக்குகிறார்கள். இப்படி வரும் நூலுக்கும் புது நூலுக்கும் தரத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வேலைதான் பெரும்பாடு. வலையில் கட்டிய ஈயக் குண்டுகளை நீக்க வேண்டும். கயிறுகளையும் மிதவைகளையும் அறுத்தெடுக்க வேண்டும். மீன் பண்ணைகளில் கட்டும் வலை என்றால், பாசி பிடிக்காமல் இருக்கப் பூசிய தாமிரத்தையும் போக்கியாக வேண்டும். வலைக் குப்பை மலிவாகக் கிடைத்தும் நூல் மலிவாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

லாபம் என்ன? சாதாரண நைலான் கச்சா எண்ணெயிலிருந்து பிறக்கிறது. 10,000 டன் எக்கோனில் செய்தால் 70,000 பீப்பாய் கச்சா எண்ணெய் மிச்சம் என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது. கம்பெனியின் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே பார்த்தாலும், சிறிய விஷயம் அல்ல. கடலுக்கும் நன்மை உண்டு. முன்னாளில் பருத்தி வலையை மரப்பட்டைக் கஷாயத்தில் தோய்த்துப் பாதுகாப்பார்கள், இல்லாவிட்டால் மக்கிப்போகும். நைலான் வலை மக்குவதில்லை. மீனவருக்கு அது பெரிய வரப்பிரசாதம்தான். ஆனால் அறுந்து கடலடியில் விழுந்த பிறகும் அது ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'பேய் வலை' என்று இதற்குப் பெயர்.

இவ்வளவும் சரி. விளம்பரம்தான் இடிக்கிறது. "கடலைக் காக்கும் உடை" என்று எழுதி, முக்குளிப்பவர் வலையை எடுத்து வரும் படத்தைப் போடுகிறார்கள். அப்படி எடுப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், வணங்கத்தக்கவர்கள். ஆனால் ஆலைக்குப் போகும் சரக்கில் அது ஒரு பகுதிதான். பழைய தரை விரிப்புகள், துணி வெட்டும்போது விழும் துண்டுகள், ஆலைக் கழிவுகள் எல்லாம் அதில் சேரும். தரை விரிப்பை நூலாக்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உள்ளதைச் சொல்லி விற்கலாமே!

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வலை உடையாயிற்று, உடை கிழிந்தால் என்ன ஆகும்? நீச்சல் உடை உடம்போடு ஒட்டி நிற்க அதில் எலாஸ்டேன் என்ற இழுபடும் நூலைக் கலக்கிறார்கள். 20 சதவீதம் வரைகூடக் கலப்பதுண்டு. இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அதற்கான சோதனைகள் நடந்து வருகின்றன. ஆனால் பெருமளவில் இன்னும் கைகூடவில்லை. ஆக, திரும்பத் திரும்பப் பிறக்கக்கூடிய நைலான், ஒரே ஒரு தடவை பிறந்து குப்பைமேட்டுக்குப் போய்விடுகிறது. இதையும் 'மறுசுழற்சி' என்று கொண்டாடுவது பாதிக் கல்யாணத்துக்கு முழுப் பந்தி போடுகிற மாதிரி இருக்கிறது.

முழுக் கல்யாணம் நடக்காது என்பதில்லை. இத்தாலியில் பிறந்த 'நபபீரி' என்ற நிறுவனம் 2019-ல் ஒரு குளிர்கால மேலங்கியை வெளியிட்டது. மேல் துணி, உள்ளே அடைக்கும் பஞ்சு, ஓரப் பட்டி எல்லாமே நைலான் 6. இரண்டு வருஷம் அணிந்த பிறகு திருப்பிக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். தையற்காரர் கத்தரி எடுக்கும் முன்பே கடைசிக் காலத்தை யோசித்துச் செய்த உடை அது. மற்றவர்கள் போக வேண்டிய வழி இதுதான் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

அவசரமாகப் போக வேண்டியும் இருக்கிறது. 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் உற்பத்தியான நைலானில் மறுசுழற்சி நைலானின் பங்கு நூற்றுக்குச் சுமார் இரண்டுதான்!

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பழைய வலையில் பிறந்த நைலானும், சலவை செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகளைத் தண்ணீரில் உதிர்க்கிறது. பிரான்ஸ் அரசாங்கம் இதைக் கவனித்து, பாதிக்கு மேல் செயற்கை நூல் உள்ள உடைகளைப் பற்றி அந்த உண்மையை வாங்குவோருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2023 முதல் பெரிய கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. எலாஸ்டேன் எவ்வளவு என்பது ஐரோப்பியச் சந்தையில் விற்கும் உடைகளின் சீட்டில் ஏற்கனவே இருக்கிறது, பொடி எழுத்தில். இன்னும் இரண்டு வரிகள்தான் பாக்கி: நூல் வலையிலிருந்து வந்ததா, விரிப்பிலிருந்து வந்ததா என்று ஒன்று, கிழிந்த பிறகு யார் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று மற்றொன்று. அவற்றையும் அச்சடிக்கும்படி சட்டம் செய்ய வேண்டும்.