எண்ணெய்ப்பனையும் சுதேசியமும்

நமது தேசத்து ஜனங்கள் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பாகம் அந்நிய நாடுகளிலிருந்தே வருகிறது. அதிலும் பெரும்பகுதி இந்தோனேஷியாவிலும் மலேஷியாவிலும் விளையும் எண்ணெய்ப்பனையிலிருந்து எடுக்கப்படுவது. நமது ரேஷன் கடைகளில் பாமாயில் என்ற பெயரால் வழங்கப்படுவது இதுவே. 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் இந்தோனேஷிய சர்க்கார் இதன் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தபோது, நமது அடுப்பங்கரை பிறர் தயவில் இருப்பதை யாவரும் உணர்ந்தனர். இக்குறை நீங்கவேண்டும் என்பதில் சர்க்காருக்கும் நமக்கும் அபிப்பிராய பேதம் சிறிதுமில்லை. நீக்கும் மார்க்கத்தைப் பற்றியே நாம் வழக்காட வேண்டியிருக்கிறது.

2021-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி மத்திய மந்திரிசபையார் எண்ணெய்ப்பனைக்கென 11,040 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அங்கீகரித்தனர். புதிதாக 6.5 லட்சம் ஹெக்டேரில் இம்மரத்தைப் பயிரிடுவது நோக்கம். இதில் 3.28 லட்சம் ஹெக்டேர், அதாவது சரிபாதி, வடகிழக்கு மாகாணங்களின் பங்கு. அந்தமான் தீவுகளும் விசேஷ கவனத்துக்குரிய இடமாகக் குறிக்கப்பட்டன. ஏன் இவ்விடங்கள்? எண்ணெய்ப்பனை ஓயாது தண்ணீர் வேண்டும் மரம். ஆந்திரத்திலும் தெலுங்கானாவிலும் வேனிற்காலத்தில் ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. ஆகவே மழை மிகுந்த மலைகளின்மீது அதிகாரிகளின் கண் விழுந்தது.

அம்மலைகள் ஆளற்ற தரிசுகள் அல்ல. மிஜோரத்திலும் நாகாலாந்திலும் கிராமத்தார் ஒரு சரிவைத் திருத்தி, நெல்லும் சோளமும் காய்கறியும் கலந்து விதைத்து, பிறகு பல வருஷம் காடு வளர விட்டுவிடுவது பரம்பரை வழக்கம். ஜூம் என்பது அதன் பெயர். நிலம் பெரும்பாலும் கிராமத்தின் பொதுச்சொத்து. எண்ணெய்ப்பனையோ ஊன்றிய இடத்தை 25 முதல் 30 வருஷம் விடுவதில்லை. பொதுநிலத்தில் ஒருவன் மரம் வைத்தால், ஒரு தலைமுறைக்கு அந்நிலம் அவனுடையதாகிவிடுகிறது. பின்னர் கடன் கொடுத்தவனுடையதாகவும் ஆகலாம். மேகாலயத்திலிருந்து பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்த ஸ்ரீமதி அகதா சங்மா, மலைஜாதியார் தம் நிலத்தோடு கொண்ட சம்பந்தம் அறுந்துவிடும் என்று 2021-லேயே பிரதம மந்திரிக்கு எழுதி எச்சரித்தார்.

காட்டை அழிப்பது ஜூம் அன்றோ என்று கேட்பாருண்டு. மிஜோரத்து டம்பா புலிக் காப்பகத்தை ஒட்டிய நிலங்களில் பறவைகளை ஆராய்ந்து இரு விஞ்ஞானிகள் 2016-ல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை. ஜூம் நிலங்களில் காணும் காட்டுப் பறவைகள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அவ்வளவு இல்லை. ஜூம் நிலத்துக்குக் காடு திரும்பி வருகிறது, பனந்தோட்டத்துக்குத் திரும்புவதில்லை.

விவசாயியின் சுதந்திரம் என்னாகிறது? இம்மரம் காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். குலையை வெட்டினால் ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலையில் ஆட்டியாக வேண்டும். இல்லையேல் எண்ணெய் கெடும். நெல்லைப்போல் இதைக் குதிரில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க இயலாது. மிஜோரத்தில் 2004-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஜில்லாக்களைக் கம்பெனிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர். ஒரு ஜில்லாவில் ஒரே கம்பெனிதான் வாங்குவோன். ரஸ்தா இல்லாத சரிவுகளில் பழம் எடுப்பாரின்றி அழுகியதாகப் பிற்பாடு செய்திகள் வந்தன. 1917-ல் சம்பாரணில் காந்தியடிகள் கண்ட அவுரி விவசாயிக்குக் கட்டாயம் இருந்தது. இங்கே கட்டாயம் இல்லை, மானியம் இருக்கிறது. ஆயினும் விலையை வாங்குவோனே சொல்ல, விற்போன் வாய்மூடி நிற்கும் நிலை ஒன்றுதான்.

அந்தமானின் அனுபவம் வேறு கூறுகிறது. ஒங்கே என்னும் சிறு ஆதிகுலத்தாரின் இல்லமாகிய லிட்டில் அந்தமான் தீவில் 1970-களில் சுமார் 1,600 ஹெக்டேர் காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டனர். இத்தகைய தோட்டங்களைப் படிப்படியாகக் கைவிட்டு நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிட வேண்டுமென்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட்டனர். அத்தீவுகளையே 2021-ன் திட்டம் மீண்டும் நாடியது விந்தையிலும் விந்தை!

தமிழர்களாகிய நாம் இம்மரத்தைப் புதிதாக அறிந்தவர்களல்லோம். மலேயாவில் முதல் எண்ணெய்ப்பனை வியாபாரத் தோட்டம் 1917-ல் சிலாங்கூரில் எழுந்தது. பின்னாளில் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டபோதும், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதும், தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளரில் எத்தனையோ குடும்பங்கள் லயத்தை இழந்து நகரத்து ஓரங்களுக்கு ஓடின. ஒற்றைப் பயிரை நம்பிய நிலத்தில் குடியானவனுக்கு இருப்பிடம் நிச்சயமில்லை என்பது நாம் கண்ட பாடம்.

ஒரு ஹெக்டேரில் மூன்று நான்கு டன் எண்ணெய் தருவது வேறெந்தப் பயிர் என்று எதிர்க்கட்சியார் கேட்பர். உண்மை, நிலக்கடலையும் எள்ளும் அவ்வளவு தரமாட்டா. ஆனால் அவை காட்டைக் கேட்பதில்லை. மானாவாரிப் புஞ்சையில் விளைகின்றன. பிண்ணாக்கு மாட்டுக்கு உணவாகிறது. விதை விவசாயியின் கையிலேயே நிற்கிறது. 1986-ல் தொடங்கிய எண்ணெய்வித்து முயற்சியால் 1990-களின் தொடக்கத்தில் தேசம் தன் தேவையை ஏறக்குறைய முழுவதும் தானே விளைத்துக்கொண்டது. 1994-க்குப் பின் பாமாயில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்து, தீர்வையையும் குறைத்ததே நமது செக்குகள் ஓய்ந்ததற்கு ஒரு பெருங்காரணம். பயிர் தோற்கவில்லை, கொள்கை தோற்றது. 2024 அக்டோபரில் எண்ணெய்வித்துக்களுக்கென 10,103 கோடி ரூபாயில் தனித்திட்டம் வகுத்த சர்க்கார் இதை உணராதவர்களல்லர்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. வடகிழக்கு மலைகளையும் அந்தமானையும் எண்ணெய்ப்பனைத் திட்டத்தினின்று அறவே நீக்குக. ஏற்கெனவே நட்டுவிட்ட மலைவாசிகளுக்கு நியாய விலையும், வேறு பயிருக்குத் திரும்ப உதவியும் அளிக்குக. கடலை, எள், கடுகு விளைப்போருக்குக் கட்டுபடியாகும் விலையை உறுதிசெய்து, அதைக் கெடுக்கும் இறக்குமதிக்குத் தக்க தீர்வை விதிக்குக.

அந்நியனை நம்பாதிருப்பது மட்டும் சுதேசியம் ஆகாது. சொந்த தேசத்துச் சகோதரனின் காட்டைப் பறித்து நமது தாளிப்புக்கு எண்ணெய் எடுப்போமாயின், அவனுக்கு நாமே அந்நியராவோம். தேசபக்தர்கள் இதை ஊர்தோறும் எடுத்துரைப்பார்களாக.